பல்லுக்குத் தெரிந்த மண்

அருமைநாயகம் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் தாராளமாகப் பேச ஆரம்பித்தார். உயிரோடு இருந்த காலத்தில் அந்த மனிதரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் கேட்டவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். உலகம்மைக்கு அது நன்றாகவே தெரியும். தென்துருவத்துப் பனியில் இருபது கோடைகளுக்கு மேல் அவரோடு சேர்ந்து கல் உடைத்தவள் அவள். வேற்று ஆணோடு கூடாரம் போட்டுப் பாறை பார்க்கப் போகிறாளாம் என்று தென்காசியில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியபோது, அவள் தன் அம்மாவுக்குச் சொன்ன பதில் இதுதான்: "அந்த மனுசன் பாறைகிட்டகூட பேச மாட்டாரும்மா. நீ நிம்மதியா இரு."

அவர் சாத்தான்குளத்துப் பக்கம் தேரிக்காட்டில் பிறந்தவர். காற்றடித்தால் செம்மண் மேடு இடம் மாறுகிற ஊர் அது. சென்னையில் நிலவியல் படித்துவிட்டு, வடதுருவத் தீவு ஒன்றில் நிலக்கரி தேடும் குழுவில் எடுபிடியாகச் சேர்ந்தார். இரண்டு கால்விரல்களை அங்கே குளிருக்குக் கொடுத்துவிட்டுத் தெற்கே போனார். பனிக்கு அடியில் தரை எப்படி இருக்கிறது என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி. துருவ நிலவியல் ஆணையத்தின் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய வரைபடத்தில் பாதி, அவர் கால்நடையாக அலைந்து போட்டது. மனைவி சலோமி காய்ச்சலில் போனபோது அவர் பனியில் இருந்தார். கப்பல் வர நாளாயிற்று. வந்து சேர்ந்தபோது கல்லறை மேல் புல் முளைத்திருந்தது. மூன்று வயதுக் குழந்தை கெத்சியாளை மனைவியின் தங்கை நேசம்மாளிடம் விட்டுவிட்டு அடுத்த கப்பலில் திரும்பிவிட்டார். கல்நெஞ்சுக்காரன் என்று ஊர் சொன்னது. உலகம்மைக்கும் பல நேரம் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. கடைசியில் ஒரு கோடையில் கூடாரத்துக்குள் தூக்கத்திலேயே நெஞ்சு நின்று செத்துப்போனார். உடலை ஊருக்குக் கொண்டுவந்து மகளிடம் சேர்த்தது உலகம்மைதான்.

பனியில் வேலை செய்கிற எல்லோருடைய தலைக்கவசத்திலும் ஒலிவாங்கியும் ஒரு சிறு கேமராவும் உண்டு. பிளவில் விழுந்தவரைத் தேடுவதற்காக வைத்தவை. அவற்றில் வருடக்கணக்காகச் சேர்ந்து கிடந்த அவருடைய பேச்சையும், அந்தந்த நேரத்தில் அவர் கையில் இருந்த மண்ணின் படத்தையும், கருவிகள் காட்டிய எண்களையும் ஆணையத்தின் குரல் பிரிவு ஒரு கணினிக்குப் புகட்டியது. கணினி அச்சு அசலாக அவரைப் போலவே பேசியது. மண்ணின் படத்தைக் காட்டிக் கேட்டால், அவர் இருந்தால் என்ன சொல்வாரோ அதைச் சொன்னது. பெரும்பாலும் சரியாகவும் சொன்னது. ஆய்வுக்கூட முடிவு தாமதமானால் அருமைநாயகத்தின் குரல் தருகிற ஒப்புதலே போதும் என்று பிறகு விதியும் வந்துவிட்டது. செத்தவருக்குச் சம்பளம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், கோபித்துக்கொண்டு கூடாரத்தைவிட்டு எழுந்து போகவும் மாட்டார். ஆணையத்துக்கு இதைவிட நல்ல ஊழியர் எங்கே கிடைப்பார்?

உலகம்மை ஓய்வு பெற்றுவிட்டாள். ஆனாலும் ஆலோசகர் என்ற பெயரில் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு ஒரு நாற்காலி இருந்தது. அன்று காலை அவள் தேநீரோடு வந்து உட்கார்ந்தபோது திரை முழுக்கக் கெத்சியாளின் முகம். முப்பது வயதில் அவள் துளைப்பணித் தலைவியாகிவிட்டாள். வடக்கு நாக்கு என்று அழைக்கப்பட்ட பனியாற்றின் நடுவில் முகாம் போட்டு, பனியைத் துளைத்து அடித்தரையைத் தொட்டிருந்தாள்.

"அத்தை, அடிமண்ணு வந்துட்டு! பாருங்க." கண்ணாடிக் குழாய்க்குள் சாம்பல் நிறத்தில் சேறு தெரிந்தது.

"கருவி என்ன சொல்லுது?"

"நடுவுல நிக்கி. வண்டல்னும் சொல்லல, களிமண்ணுன்னும் சொல்லல. அப்பாகிட்ட கேட்டுருவோம்." அவள் தலைக்கவசத்தில் ஒரு பொத்தானைத் தட்டினாள். "அப்பா, பார்த்தீங்களா? என்ன மண்ணு?"

"வண்டல்தான் கெத்சி. தண்ணிய எடுக்கலாம்."

அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். உலகம்மை தட்டவில்லை. குரல் அவருடையதுதான், அந்த இழுவையும் அவருடையதுதான். ஆனால் இவ்வளவு சட்டென்று அவர் எதற்குமே பதில் சொல்லி அவள் கேட்டதில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த முகுந்தன் அவளைக் கவனித்துவிட்டான். குரல் பிரிவின் பொறுப்பாளன் அவன். கணினி தெரியும், கல் தெரியாது. "என்ன மேடம், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"அடியில தண்ணி நிக்கறதாலதான் இந்தப் பனி கடலுக்குள்ள வழுக்கி இறங்குது. பம்பு வச்சுத் தண்ணிய எடுத்தா தரையில உக்காந்து பிடிச்சுக்கும். அதுக்குத்தானே இவ்வளவு பாடும்?"

"தெரியும் மேடம். இது முழுசா இறங்கினா மெட்ராஸ் பாதி முழுகிடும்னு சொல்றாங்க."

"தரை வண்டலா இருந்தாத்தான் பிடிக்கும். களியா இருந்துச்சுன்னா தண்ணிய எடுத்ததும் ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் வழுக்கும். நடுவுல பனி ரெண்டா கிழிஞ்சிரும். முகாம் எங்க இருக்கு? நட்ட நடுவுல."

"சார்தான் வண்டல்னு சொல்லிட்டாரே."

"அவரு பார்த்துச் சொன்னதே கிடையாது முகுந்தன். கடிச்சுப் பார்த்துத்தான் சொல்லுவாரு."

முகுந்தன் சிரித்துவிட்டான். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தான். விளையாட்டில்லை. ஒரு துளி மண்ணை எடுத்து முன்பற்களுக்கு நடுவில் வைத்துக் கடிக்க வேண்டும். நெறநெறத்தால் வண்டல். நெறநெறக்காமல் வழுக்கினால் களி. உலகத்தில் எந்த ஊர் நிலவியலாளரும் செய்கிற காரியம்தான். கருவி தடுமாறுகிற இடத்தில் பல் தடுமாறாது. பனிக்கடியில் ஆதிகாலக் கிருமி இருக்கலாம் என்று பயந்து ஆணையம் பின்னால் அதற்குத் தடை போட்டது. கெத்சியின் வயதுக்காரர்கள் மண்ணை வாயில் வைத்ததே இல்லை.

"வண்டல்னா, வண்டல்னு சொல்லிட்டுத் துப்புவாரு," என்றாள் உலகம்மை. "களின்னா வாயத் திறக்க மாட்டாரு. கையக் காட்டுவாரு, அவ்வளவுதான். நாங்க மூட்டை முடிச்சக் கட்டிட்டு நகர்ந்துருவோம். மோசமான தரையில நிக்கும்போது யாரும் மூச்சு விடக் கூடாது. பனி எந்தப் பக்கம் விரியுதுன்னு காது கேக்கணும்லா? அது அவரு போட்ட சட்டம்."

"அப்போ பதிவுல..."

"களின்னு அவரு வாயால சொன்னதே இருக்காது. உங்க கணினி எதைப் பார்த்துப் படிச்சிருக்கும்?"

முகுந்தனின் சிரிப்பு நின்றது. பிறகு, "பார்க்கறேன் மேடம்," என்று எழுந்து போய்விட்டான்.

அவள் ஆணையத்தின் இயக்குநரிடம் போனாள். மண்ணின் மாதிரி கப்பலில் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும், முடிவு வருவதற்குள் கோடை முடிந்துவிடும், அதுவரை பம்புகளைச் சும்மா வைத்திருக்க முடியாது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். குரலுக்கு விதியில் இடம் உண்டு, பல்லுக்கு இல்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அவரே தன் நகைச்சுவையை ரசித்துக்கொண்டார்.

அவள் கெத்சியாளைத் தனியாக அழைத்தாள்.

"ஏளா கெத்சி, ஒரு துளி எடுத்துக் கடிச்சுப் பாரு. எனக்காகப் பாரு."

"மாதிரியெல்லாம் சீல் வச்சு அனுப்பியாச்சு அத்தை. வாயில வைக்கக் கூடாதுன்னு விதியும் இருக்கு."

"குழாய் மூட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கும். நகத்தால சுரண்டு."

"அப்பா சொல்லிட்டாருல்லா."

"அது உங்கப்பா இல்ல."

சொல்லியிருக்கக் கூடாது. திரையில் அந்தப் பெண்ணின் முகம் கறுத்தது.

"நீங்க சொல்லுவீங்க. நீங்க இருபது வருசம் அவரு கூட இருந்தீங்க. எனக்கு வருசத்துக்கு ஒரு மாசம். அதுலயும் நாற்காலியில உக்காந்து சுவத்தப் பார்த்துக்கிட்டே இருப்பாரு. அப்பான்னு கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பாரு. அதோட சரி. இப்பத்தான் அத்தை அவரு எங்கிட்ட பேசுதாரு. காலையில எந்திரிச்சதும் சாப்பிட்டியா கெத்சின்னு கேக்காரு. குளிருதான்னு கேக்காரு. அதப் போயி உங்களால பொறுக்க முடியலயா?"

"கெத்சி, நான் சொல்லுதது மண்ணப் பத்தி..."

"எனக்கு வேலை இருக்கு அத்தை. வைக்கேன்."

திரை இருண்டது. அந்தப் பெண் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஒரே பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சிக் குடித்த இத்தனை வருடத்தில், அந்த மனிதர் அவளையும் ஒரு நாள்கூட சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை.

பம்புகள் ஓட ஆரம்பித்தன. பனியாற்றின் வேகம் குறைந்தது. மறுநாளே பத்திரிகைகளில் கெத்சியாளின் படம் வந்தது. அப்பா வரைந்த வரைபடத்தில் மகள் நங்கூரம் போட்டாள் என்று ஒருவர் எழுதியிருந்தார். நேசம்மாள் சாத்தான்குளத்திலிருந்து உலகம்மையைக் கூப்பிட்டு, "எங்க பிள்ள பேப்பர்ல வந்துருக்கா, பார்த்தீகளா அக்கா?" என்று பூரித்துப்போனாள். உலகம்மையும், தான் சொன்னது தப்பாகப் போகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். வயதான காலத்தில் மூக்குடைபட்டால்தான் என்ன?

அந்த வாரம் முடிவதற்குள் கெத்சியாளே அழைத்தாள். பின்னால் வெயில் கண்ணைக் குத்தியது. துருவத்துக் கோடையில் சூரியன் மறைவதில்லை. அந்த வெளிச்சத்தில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, கடிச்சுப் பார்த்துட்டேன்."

உலகம்மை திரையை நோக்கிக் குனிந்தாள். "சொல்லு."

"நெறநெறங்கல அத்தை. வெண்ணெயாட்டம் இருக்கு." அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் உலகம்மையைப் பயமுறுத்தியது. "காலையிலேருந்து கீழ சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்பாகிட்ட கேட்டேன். பனி உக்காருத சத்தம்தான், பயப்படாதன்னாரு. எனக்கு மனசு கேக்கல. நீங்க சொன்ன மாதிரி மூட்டுலேருந்து சுரண்டினேன்."

"பம்ப நிறுத்து. எல்லாரையும் வண்டியில ஏத்து. கிழக்க பாறை இருக்கு, அங்க போங்க."

"நிறுத்தியாச்சு. ரெண்டு வண்டி போயாச்சு. மூணாவது வண்டி நிக்கி. துளை போடுத கோபுரத்து மேல ஆள் இருக்காங்க அத்தை, இறங்கிக்கிட்டு இருக்காங்க."

"நீ ஏறு ளா!"

"அவங்க இறங்கட்டும். நான்தான அவங்கள மேல அனுப்பினேன்." அவள் திரும்பி யாரையோ சத்தம்போட்டுக் கூப்பிட்டாள். பிறகு திரையைப் பார்த்து, "அத்தை, அன்னிக்கு அப்படிப் பேசினது..." என்றாள்.

படம் சாய்ந்தது. வானம் தெரிந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு வண்டிகள் பாறைக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது போகவில்லை. கோபுரமும் முகாமும் கெத்சியாளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரும் கிழிந்த பனிக்குள் போனார்கள். உலகம்மை அலுவலகத்தில், எல்லோர் முன்னாலும், வாய்விட்டு அழுதாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் தம்ளரைத் தட்டிவிட்டாள். சாத்தான்குளத்துக் கல்லறைத் தோட்டத்தில், சலோமிக்கும் அருமைநாயகத்துக்கும் பக்கத்தில், உடல் இல்லாத பெட்டி ஒன்றைப் புதைத்தார்கள்.

விசாரணைக் குழு அமைத்தார்கள். அது உட்காருவதற்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம், முகுந்தன் தாம்பரத்தில் உலகம்மையின் வீட்டுக்கு வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தான்.

"மேடம், இது குரலோட முதல் வடிவம். ரெண்டு வருஷம் முன்னாடி இருந்தது. வடக்கு நாக்கு மண்ணோட படத்தை இதுகிட்ட காட்டறேன்."

காட்டினான். என்ன மண் என்று கேட்டான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். கணினியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"கெட்டுப்போச்சா?" என்றாள் உலகம்மை.

"அப்படித்தான் மேடம் நாங்களும் நினைச்சோம். சில படத்துக்கெல்லாம் பதிலே சொல்லாது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சொல்லாது. கோளாறுன்னு முடிவு பண்ணி, மூணு செகண்டுக்குள்ள ஏதாவது ஒரு பதில் சொல்லியே ஆகணும்னு போட்டுட்டோம். அன்னிக்கு நீங்க களிக்கு அவர் பேச மாட்டார்னு சொன்னப்பவே எனக்குச் சுருக்குன்னு இருந்துது. போய்ப் பார்க்கணும்னு நினைச்சேன். பம்பு ஓட ஆரம்பிச்சு, எல்லாம் நல்லா போறதைப் பார்த்ததும் விட்டுட்டேன்."

உலகம்மைக்கு விளங்கிவிட்டது. கணினி சரியாகத்தான் படித்திருக்கிறது. அவர் பேசியதை மட்டுமல்ல, எங்கே பேசாமல் நின்றார் என்பதையும் படித்திருக்கிறது. வடக்கு நாக்கு களி என்று அதற்குத் தெரியும். அவரைப் போலவே வாயை மூடிக்கொண்டு எச்சரித்திருக்கும். தெரிந்த ஒரே மண்ணின் பெயரைச் சொல்லும்படி அதன் வாயைப் பிளந்தது மனிதர்கள். அவளுக்கு முகுந்தனை அறைய வேண்டும் போலிருந்தது.

"யாரு இப்படி மாத்தச் சொன்னது?"

"களத்திலேர்ந்து புகார் வந்துது மேடம்."

"யாருன்னு கேட்டேன்."

அவன் ஒரு பதிவை ஓடவிட்டான். கெத்சியாளின் குரல். பின்னால் காற்று இரைந்தது.

"முகுந்தன் சார், அப்பா சில நேரம் பதிலே சொல்ல மாட்டேங்காரு. மண்ணப் பத்திக் கேட்டாலும் அப்படித்தான். நேத்து, அப்பா என்னப் பிடிக்குமான்னு கேட்டேன். அதுக்கும் பேச்சக் காணோம். உசுரோட இருந்தப்பதான் இப்படி இருந்தாரு, இப்பவாவது கொஞ்சம் பேச வையுங்க சார்." முடிவில் சிரித்தாள். கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்பவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

"அன்னிக்கே மாத்திக் கொடுத்துட்டோம்," என்றான் முகுந்தன். "உடனே கேட்டுப் பார்த்திருக்காங்க. பிடிக்கும்னு சொல்லியிருக்கு. எனக்கு ஃபோன் பண்ணி அவ்வளவு சந்தோஷப்பட்டாங்க மேடம்."

உலகம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத விசாரணையில சொல்லப் போறியா?"

"நீங்க சொல்றபடி செய்யறேன். சொன்னா பழி அவங்க மேல விழும். சொல்லலைன்னா குரல் அப்படியே ஓடும். கிழக்கு மடின்னு இன்னொரு பனியாறு, அங்க அடுத்த மாசம் பம்பு போடறாங்க. முப்பது பேர் இருக்காங்க அங்க."

செத்துப்போனவளின் பெயரா, உயிரோடு இருக்கிற முப்பது பேரா என்று பார்த்தால் யோசிக்க ஒன்றுமில்லைதான். ஆனாலும் அவளுக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. விசாரணையில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். பல்லைப் பற்றி, களியைப் பற்றி, மூன்று விநாடியைப் பற்றி. அந்தப் பதிவையும் போட்டுக் காட்டச் சொன்னாள். அது ஓடியபோது, முன்வரிசையில் கறுப்புச் சேலையில் உட்கார்ந்திருந்த நேசம்மாளின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. கருவி அமைக்கப்பட்டபடியே இயங்கியது. அமைப்பை மாற்றக் காரணம் களத்தலைவியின் சொந்த வேண்டுகோள். ஆகவே இது மனிதப் பிழை. கருவியில் குறை இல்லை என்பதால் குரல் தொடர்ந்து பயன்படுத்தப்படும். உலகம்மை எழுந்து நின்று, "நான் இதுக்கா சொன்னேன்? கிழக்கு மடியில இருக்கவங்கள யாரு பார்ப்பா?" என்று கத்தினாள். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். குறுக்கே போய் நின்ற முகுந்தனைக் காவலாளி தோளைப் பிடித்து ஒதுக்கினான்.

வெளியே வேப்பமரத்து நிழலில் நேசம்மாள் நின்றிருந்தாள். உலகம்மை கிட்டே போனாள். போகாமல் இருக்க முடியவில்லை.

"அக்கா," என்றாள் நேசம்மாள். "எங்க பிள்ளையாலதான் அத்தன பேரும் செத்தாகளா?"

"இல்ல நேசம்மா. அப்படி இல்ல. அவ இத்துணூண்டு ஆசப்பட்டா. மத்தது எல்லாம் இவனுங்க செஞ்சது. கடைசியில ரெண்டு வண்டி ஆள காப்பாத்தினதும் அவதான்."

"உள்ள நீங்கதான அக்கா சொன்னீக. பேர் சொல்லிச் சொன்னீக."

உலகம்மை அவள் கையைப் பிடிக்கப் போனாள். நேசம்மாள் கையை விலக்கிக்கொள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"பரவால்ல அக்கா. அவ பேசினதும் வருசக்கணக்கா பதிவாகியிருக்காம்லா. ஆபீசுலேருந்து ஒருத்தர் வீட்டுக்கே வந்தாரு. கையெழுத்துப் போட்டா ஒரு குரல் செஞ்சு தாரோம்னாரு. போட்டுட்டேன். என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்லுமாம். அடுத்த வாரம் வந்துரும்." அவள் பையை இடுக்கிக்கொண்டாள். "யாரு மேல தப்புன்னு நான் அவகிட்டயே கேட்டுக்கிடுதேன்."

வாசலில் பேருந்து வந்து நின்றது. நேசம்மாள் ஏறிப் போனாள்.